அந்தக் கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், சுகம் என்றால் அப்பாவுக்கு முழங்கால் வலியோடும் எனக்குக் கோபத்தோடும் சேர்ந்த சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் தங்கச்சியைச் சாரணர் குழுவில் சேர்த்தாகிவிட்டது. அப்பா வேண்டாம் என்றார், நீயும் வேண்டாம் என்றாய், நான் சேர்த்துவிட்டேன்.

வாலு எப்படியிருக்கிறாள் என்று வாராவாரம் கேட்கிறாய், நல்லா இருக்கா என்று நானும் வாராவாரம் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. வாலு என்று பெயர் வைத்தவனே நீதான். குறும்புக்காக வைத்த பெயரா அது, நீ குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று அண்ணா இருக்கியா, அண்ணா இருக்கியா என்று கேட்டுக்கொண்டிருப்பாளே, அதற்காக வைத்தது. நீ வேலைக்கென்று கிளம்பிப் போய்விட்டாய், வால் மட்டும் இங்கே தனியாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக அப்பாவின் சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள், அவர் கூப்பிட்டால்தான் வெளியே வருகிறாள். இந்த வருஷத்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, கேள்வி கேட்டா கை தூக்கறதே இல்ல, பொண்ணு கொஞ்சம் மந்தமோ என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம், அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், குழந்தை பக்கத்தில் நின்றாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில், ஏண்டி, பதில் தெரியலையா என்று கேட்டேன். தெரியும்மா, எந்தக் கையைத் தூக்கணும்னு பார்த்துக் கண்டுபிடிக்கறதுக்குள்ள வேற யாராவது சொல்லிடறாங்க என்றாள். நடுரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்தவன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அவள் பார்ப்பது எதை என்று உனக்குத் தெரியும். நீ கிளம்புவதற்கு முன்னால் அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைப் போட்டு, இதுதான் நல்ல கை, எழுதறதும் கொடுக்கறதும் வாங்கறதும் இதாலதான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதைத்தான். போன வருஷத்து டீச்சரிடமும் வருகிற விருந்தாளிகளிடமும் அவள் இனிமேல் திட்டு வாங்கக் கூடாது என்ற பாசத்தில்தான் செய்தாய், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நம் வீட்டில் யாரும் அவள் காதுபட பீச்சாங்கை என்று சொன்னதில்லை, அந்தக் கை என்றுதான் சொல்வோம். ஆனால் நல்ல கை ஒன்று இருந்தால் மற்றது என்ன கை என்று குழந்தைக்குத் தெரியாதா? சாப்பிடும்போதும் பாடம் படிக்கும்போதும் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். மரத்துப்போய் எறும்பு ஊறுதும்மா என்று வந்து நிற்கிறாள், நான்தான் தேய்த்து விடுகிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பஸ் டிப்போவில் என் டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் ஒரு கூட்டம் வந்து நின்றது. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சின்னச் சின்னப் பிள்ளைகள், கூடவே அப்பா, அம்மா, சித்தி, மாமா என்று ஒரு பட்டாளம், எல்லாரும் காட்டுப் பக்கம் நடக்கப் போகிறார்களாம். கூட்டிக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், தபால் ஆபீஸில் பார்சல் எடை போடுகிற அம்மாதான், சனிக்கிழமையானால் கழுத்தில் விசிலைப் போட்டுக்கொள்வதால் தெருவில் எல்லாருக்கும் அவர் விசிலம்மா. அந்தக் கூட்டத்தில் நம் வாலு அளவுக்கு ஒரு பொடிசு, கவுண்டர் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, எல்லாருக்கும் நான்தான் டிக்கெட் வாங்குவேன், எனக்குத்தான் இன்னிக்கு அந்த வேலை என்று அதிகாரம் செய்தது பார், என் மனசு அங்கேயே முடிவு கட்டிவிட்டது. விசாரித்தேன். சின்னப் பிள்ளைகள் என்பதால் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும், வந்து ஓரமாய் உட்கார்ந்து போன் பார்க்க முடியாது, பிள்ளைகளோடு சேர்ந்து ஓட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், பாட்டுப் பாட வேண்டும். சனிக்கிழமை எனக்கு டியூட்டி, அதனால் அப்பாவை அனுப்பினேன். அனுப்பினேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போனவர் போன வேகத்தில் வாலுவை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மைதானத்துக்குள் நுழைந்ததும் விசிலம்மா சிரித்த முகமாக எதிரே வந்திருக்கிறார். கடையிலிருந்து நேரே போனவர் இல்லையா, கையில் கிரீஸ். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து வலது கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து, நகத்துக்கு இடையில்கூடத் துடைத்து, மரியாதையாக நீட்டியிருக்கிறார். அந்த அம்மா இடது கையை நீட்டினாராம். உன் அப்பாவின் கை அப்படியே காற்றில் நின்றுவிட்டதாம். என் வயசுக்கு இப்படி ஒரு அவமானம் பார்த்ததில்ல, சுத்தமா தொடச்சுட்டு நீட்டறேன், பீச்சாங்கையை நீட்டறா, மரியாதை தெரியாத இடத்துல என் புள்ளைக்கு என்ன வேலை என்று குதித்தார். இத்தனை வருஷமாக வாலுவின் எதிரில் சொல்லாத வார்த்தை அன்றைக்கு வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என்ன கேட்டாள் தெரியுமா, அவங்களுக்கும் அந்தக் கையாப்பா என்று கேட்டாள். பேசாம போய்ப் படி என்றார்.

அடுத்த நாள் போனில் அவரே உன்னிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். நீயும், அப்பாவையே மதிக்காத இடம் நமக்கு எதுக்கும்மா, நான் லீவுல வந்து பார்த்துக்கறேன், அதுவரைக்கும் எங்கேயும் அனுப்பாதே என்று தீர்ப்புச் சொல்லி போனை வைத்துவிட்டாய். அப்பனும் பிள்ளையும் பேசி முடித்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தீர்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தபால் ஆபீஸுக்கு நடந்தேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், என் வீட்டுக்காரருக்கு ஏங்க இடது கையை நீட்டுனீங்க என்று நேராகவே கேட்டேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஐயையோ, அதுக்கா கோவிச்சுட்டுப் போனாரு, நான் என்ன தப்பாப் பேசினேன்னு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கலைங்க, சாரணருங்க எல்லாரும் இடது கையாலதாங்க குலுக்குவோம், எந்த தேசத்துக்குப் போனாலும் அப்படித்தான், நெஞ்சுக்குப் பக்கத்துக் கைன்னு சொல்லுவாங்க என்றார். பிள்ளைகளுமா என்று கேட்டேன். பிள்ளைங்களும்தான், வலது கையை நீட்டினா, மாத்து மாத்துன்னு அதுங்களே கத்தும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பார்சலோடு பின்னால் நின்றவர் நகருங்கம்மா என்று சொல்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அது அவங்க வழக்கம், எனக்கு எதுக்கு என்றார். தப்பாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொண்டவருக்கு அந்தக் கோபத்திலிருந்து இறங்கி வருவதுதான் பெரிய கஷ்டம், உனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. சீசன் பாஸ் போடுகிற என் தோழியிடம் சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு நானே வாலுவோடு போனேன். உன் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியதையும், தவளை மாதிரித் தாவியதையும், தாவிய இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் இரண்டு பொடிசுகள் கைகொடுத்துத் தூக்கியதையும் நீ பார்த்திருக்க வேண்டும். வாலு வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் கை குலுக்கும் நேரம் வந்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டாள். விசிலம்மா வற்புறுத்தவில்லை. வாராவாரம் இதே கதைதான், முடிச்சு எல்லாம் அந்தக் கையால் மளமளவென்று போடுவாள், யாராவது பார்த்தால் கை பின்னால் ஓடிவிடும்.

உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. பிள்ளை எல்லார் முன்னாலும் நின்று உறுதிமொழியைச் சொல்லி, ஸ்கார்ஃப் வாங்கி, கை குலுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பார்த்தால் அன்றைக்கென்று தோழிக்குக் காய்ச்சல், டிப்போவில் கவுண்டரில் உட்கார ஆள் கிடையாது. காலையில் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். நீங்க அங்க போய் நிக்கலைன்னா நான் கவுண்டரை மூடிட்டுப் போய் நிப்பேன், அப்புறம் மேனேஜருக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க என்றேன். அவர் ஒரு சக்கரத்தின் கோட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கவுண்டரில் கை ஓடவில்லை, ஒருவருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்துத் திட்டு வாங்கினேன். கடைசியில் மேனேஜரையே கவுண்டரில் உட்காரச் சொல்லிவிட்டுச் சீருடையோடு ஓடினேன். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மைதானத்துக் கேட்டில் போய் நிற்கும்போது வாலுவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்புத் துணியை எடுத்தார். வலது கையைத் துடைக்கவில்லை, இடது கையைத் தேய்த்துத் தேய்த்து, நகத்துக்கு இடையில்கூடத் துடைத்து, விசிலம்மாவுக்கு நீட்டினார். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். வாலு அண்ணாந்து அப்பாவின் கையையே பார்த்தாள். அப்புறம் உறுதிமொழியைச் சொன்னாள் பார், கேட்டுக்கு வெளியே நின்ற எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சொல்லி முடித்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை தானாக முன்னால் வந்தது. நான் அழுதேன், அழுததைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். உன் அப்பா இப்போது பஞ்சர் ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் இடது கையை நீட்டி, நெஞ்சுக்குப் பக்கத்துக் கைங்க என்று பாடம் எடுக்கிறார், விட்டால் விசிலை அவரே வாங்கி மாட்டிக்கொள்வார். அடுத்து ஒருநாள் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், முளைக்குச்சியெல்லாம் அவர்தான் சீவி வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பேசிவிட்டேன். எந்தக் கையைத் தூக்கினாலும் பதிலை மட்டும் கேளுங்க டீச்சர், எந்தக் கையால எழுதினாலும் எழுத்தை மட்டும் பாருங்க என்றேன். முதலில் முகம் சுளித்தார், நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்புறம் சரி என்றார். இப்போது அவள் இடது கையால்தான் எழுதுகிறாள், பதிலும் சொல்கிறாள்.

எல்லாம் ஆயிற்று, ஒன்று மட்டும் என்னால் ஆகவில்லை. அந்த ரப்பர் பேண்ட் இன்னும் அவள் கையில் இருக்கிறது. வளர்கிற கை, மணிக்கட்டில் பதிந்து சிவந்து தடம் விழுந்திருக்கிறது. கழட்டுடி என்றால், அண்ணன் போட்டது, அண்ணன் சொன்னாத்தான் கழட்டுவேன் என்கிறாள். அப்பா சொல்லிப் பார்த்தார், விசிலம்மாவும் சொல்லிப் பார்த்தார், அசைந்து கொடுக்கவில்லை, பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதே. கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது, தூங்கும்போது வெட்டிவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. செய்ய மாட்டேன். போட்டவன் நீ, நீதான் சொல்ல வேண்டும். லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிற பேச்சே வேண்டாம், அதுவரைக்கும் அந்தத் தடம் காத்திருக்காது.

இந்தத் தாளைத் திருப்பிப் பார், பின்பக்கம் இருப்பது அவளுடைய இடது கை. வலது கையில் பென்சிலைப் பிடித்துச் சுற்றி வரைந்திருக்கிறாள், அதனால்தான் கோடு கோணலும் மாணலுமாகப் போகிறது, நல்ல கையின் லட்சணத்தை நீயே பார்த்துக்கொள். அண்ணனுக்குக் கை குலுக்க அனுப்புகிறாளாம். மேஜையில் வைத்து, உன் இடது கையை அதன்மேல் வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சாப்பிட்டியா, படிச்சியா என்றெல்லாம் அப்புறம் கேட்கலாம், கழட்டிடு என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். அவள் நீட்டிவிட்டாள், அந்தக் கையைக் காற்றில் நிற்க வைத்துவிடாதே.

எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை இடது கையால் அணைத்துக்கொண்டு வலது கையால் எழுதும்
அம்மா