அப்பாவைத் தனியாக விட முடியாது

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எங்கள் பல்செட்டு லேபுக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்தார். கையில் பிளாஸ்டிக் வாளி, மேலே ஈரத்துண்டு. துண்டை விலக்கினால் உள்ளே முழுக்கப் பல்செட்டுகள். அவர்களுடைய முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், சுத்தமாக இருக்கட்டுமே என்று எல்லாருடைய பல்லையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கழுவிவிட்டாளாம்.

"போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சிடலாம்னு நெனச்சோம். ஒருத்தர் என் விரலைக் கடிச்சிட்டார்" என்றார் சிஸ்டர், விரலைக் காட்டி.

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். "பல் செய்யறது இவங்கதான். இவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

நாளைக்கு வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. சிஸ்டருக்கு என்னைவிட வயது குறைவுதான். வேனை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 12, புதன்

ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைத்து, ஈறைத் தடவிப் பார்த்து, பொருத்தி, கடிக்கச் சொல்லி — முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கே ஒரு டீச்சரம்மா இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். மூன்று செட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது என் பல் இல்ல. என் பல்லுக்கு இவ்வளவு திமிர் கிடையாது."

கடைசியில் ஒரு கீழ்செட்டு மிஞ்சியது. எந்த வாய்க்கும் சேரவில்லை. போய்ச் சேர்ந்த யாருடையதோ என்றார் சிஸ்டர். அதைக் கழுவித் துடைத்து அவரிடமே கொடுத்தேன்.

புறப்படும் முன் சிற்றாலயத்தில் மாலைச் செபம். என்னையும் உட்காரச் சொன்னார்கள். பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. ஜன்னல் பக்கம் யாரோ குறட்டை. அந்தக் குறட்டைக்கு நடுவில், சாதாரணமாக, அடுத்து என்ன வேலை என்று தோன்றுவதுபோல் தோன்றியது: இங்கேயே இருந்துவிடலாம், இந்தச் சிஸ்டர்களில் ஒருத்தியாக.

புதிது இல்லை. இருபது வயதில் வந்த அதே எண்ணம். அந்த வருடம்தான் அம்மா இறந்துபோனாள். அப்பாவைத் தனியாக விட முடியாது என்று அப்போது மூடி வைத்தது.

பிப்ரவரி 13

வேலையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். முதலாளி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 8, சனி

இப்போது எல்லாச் சனிக்கிழமையும் அங்கே போகிறேன். பல் பார்ப்பது ஒரு பேச்சுக்குத்தான். சோறூட்டுகிறேன், நகம் வெட்டுகிறேன், டீச்சரம்மாவிடம் திட்டு வாங்குகிறேன்.

இன்று சிஸ்டர் என்னை வேனில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எப்போ இருந்துக்கா?"

"இருபது வயசுல இருந்து. நடுவுல கொஞ்ச நாள் இல்ல. இல்லாத மாதிரி வச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"அப்பா தனியா இருக்காரு."

சிஸ்டர் தலையாட்டினார். கியர் மாற்றினார். "அது நல்ல காரணம்தான். அது காரணமா, சாக்கான்னு ஆண்டவர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றார். இறங்கும்போது சரி என்றேன். நடக்கும்போது கோபம் வந்தது. என்ன கேள்வி இது?

மார்ச் 20

அத்தை போனில் ஒரு வரனைப் பற்றிச் சொன்னாள். கணக்குத் தணிக்கை செய்கிறவராம், நல்ல குணமாம், தலையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் அதிகமாம். வேண்டாம் அத்தை என்றேன். "அப்ப உனக்கு என்னதான் வேணும்?" என்றாள். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

அப்பாவிடம் சொல்லியே தீருவது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். போட்ட காபி ஆறிப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார். ரயில் ஓட்டிய காலத்தில் வண்டி தாமதமானால் மேலதிகாரியிடம் பேசும் குரல் அது.

மருந்துக்கடை அம்மாவைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாராம். தெருமுனை மருந்துக்கடை. கணவர் போய்ப் பல வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறவர். இவ்வளவு நாள் அப்பாவுக்கு இத்தனை தலைவலி ஏன் வந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

"எப்பவோ கேட்டிருப்பேன். நீ ஒருத்தி தனியா இருக்கே. உன்னை அப்படியே விட்டுட்டு நான் மட்டும் எப்படி..." என்று நிறுத்தினார்.

நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்வேன் என்று நினைத்திருந்தாராம், நான் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 6

தேவாலயத்துக்குப் போனேன். செபிக்க முடியவில்லை. அப்பா என்னால காத்திருந்தாரு, நான் அவரால காத்திருந்தேன். அழகுதான். இனிமே யாரைக் காரணம் சொல்லப்போறே? ஆண்டவரே, கொஞ்சம் மெதுவா பண்ணக் கூடாதா?

ஏப்ரல் 19

இரண்டு வாரமாக இல்லத்துக்குப் போகவில்லை. தொண்டை வலி என்று சிஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

பயமாக இருக்கிறது. இதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. அம்மாவின் அலமாரியில் வேறொருவர் புடவை வைப்பார் என்பதும் உறுத்துகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன் என்பதும் தெரிகிறது.

ஏப்ரல் 24

சிஸ்டர் போன் செய்தார். வா என்று சொல்லவே இல்லை. "டீச்சரம்மா உங்களைக் கேட்டாங்க. திட்டறதுக்கு ஆள் பத்தலையாம்" என்றார். பிறகு, "இல்லத்தை ஒட்டியே எங்க மடம் இருக்கு, வந்து கொஞ்ச நாள் தங்கிப் பாருங்கக்கா. சேர்றதுக்கு இல்ல. பார்க்கறதுக்கு. வேண்டாம்னு தோணினாலும் அதுவும் பதில்தான்."

மே 15, மடத்தில்

லேபில் விடுப்பு. அப்பாவிடம் தியானத்துக்குப் போகிறேன் என்றேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மனம் பொங்கும் என்று எதிர்பார்த்தேன். பொங்கவில்லை. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். பக்கத்து அறைச் சகோதரி சதா மூக்கை உறிஞ்சுகிறார். படுக்கை நனைத்தவர்களின் துணியை அலசி அலசி விரல் வெளுத்துவிட்டது. செபத்தில் பாதி நேரம் கொட்டாவி.

மே 19, மடத்தில்

இன்றைக்கும் சலிப்பு. துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று புலப்பட்டது. லேபில் சலித்தால் கடிகாரத்தைப் பார்ப்பேன். வீட்டில் சலித்தால் தெருவைப் பார்ப்பேன். இங்கே இத்தனை சலிப்பிலும் வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

அவ்வளவுதான். குரல் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. அடுத்த போர்வையை எடுத்து உதறினேன்.

மே 25, ஞாயிறு

மடத்தில் சேரப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "நான் கல்யாணம் பண்றேன்னதாலதானே?"

இல்லப்பா, இல்லப்பா என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. "வீட்டை விட்டு உன்னைத் துரத்திட்டேன்" என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

மே 28

மருந்துக்கடை அம்மா லேபுக்கே வந்துவிட்டார். முகம் வாடிக் கிடந்தது. "உங்கப்பா கல்யாணம் வேண்டாம்னுட்டாரும்மா. காரணம் சொல்லல. நீ வேண்டாம்னு சொன்னியா? சொல்லியிருந்தா பரவாயில்ல, எனக்குத் தெரிஞ்சா போதும்."

பல் மெழுகு ஒட்டிய கையோடு அவரை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அந்த மனுஷனுக்குச் சொன்னா புரியாது. கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார்.

இவரிடம் எனக்கு ஏன் உறுத்தல் இருந்தது?

மே 31, சனி

அப்பாவை இல்லத்துக்கு அழைத்துப்போனேன். வேண்டா வெறுப்பாக வந்தார். சிஸ்டர் அவரை ஓர் ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

டீச்சரம்மாவுக்கு இன்று என்னவோ, ஊட்டிய சோற்றைத் தட்டிவிட்டு என்னைச் சோம்பேறி, மண்டூகம் என்று ஒன்று விடாமல் சொன்னார். தரையைத் துடைத்து, வேறு சோறு கொண்டுவந்து, மறுபடி ஊட்டினேன். பாதி சாப்பிட்டதும், "நாளைக்கும் நீதான் வரணும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் நிறுத்தம் நெருங்கும்போது அப்பா சொன்னார்: "அந்தம்மா உன்னை அந்தப் பேச்சுப் பேசுச்சு. நான் அதுல ஒண்ணு சொல்லியிருந்தா நீ நாலு பதில் சொல்லியிருப்பே."

"ஆமாப்பா."

"உனக்குக் கோபம் வரலியா?"

"வந்துச்சு. ஆனா எந்திரிச்சுப் போகணும்னு தோணல."

இறங்கி நடந்தோம். மருந்துக்கடை திறந்திருந்தது. அப்பா நின்றுவிட்டார். "அவகிட்ட இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

"வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னு சொல்லுங்க."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும்போது தெருவில் அழுதேன். துக்கம் இல்லை.

ஜூன் 28, சனி

காலைத் திருப்பலியில் அவர்கள் திருமணம். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். முதலாளி வந்திருந்தார். "உன் இடத்துக்கு ஆள் தேடறேன், கிடைக்க மாட்டேங்குது" என்றார். புகாரா பாராட்டா என்று தெரியவில்லை.

அம்மாவின் அலமாரியை நேற்று நானே ஒழித்துக் கொடுத்தேன்.

ஜூலை 12

நாளை மடத்துக்கு. ஒரு பெட்டிதான். அப்பா அதைக் கட்டுகிறேன் பேர்வழி என்று கட்டிக் கட்டி அவிழ்க்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் சந்திப்பு நாள். மேல்மாடியில் டீச்சரம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது, பேச்சும் கேட்டது. அப்பாவும் சித்தியும் நின்றிருந்தார்கள். காவலாளி புதியவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

அப்பா ஏதோ சொல்ல வந்து தடுமாறினார். என்னை இங்கே எப்படிக் குறிப்பிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை போலும். சித்திதான் சொன்னார்: "எங்க பொண்ணு இங்கதான் இருக்கா."

"யாரு வந்திருக்கா?" என்றார் டீச்சரம்மா.

"எங்க வீட்டுல இருந்து."

"அப்ப போ. தலை தானா காயும்."

முழுவதும் துவட்டிவிட்டு, சிக்கெடுத்துப் பின்னல் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். அவர்கள் காத்திருந்தார்கள்.