பின்சக்கரத்தில் கசிந்த எண்ணெய்

என் அண்ணா, என் சண்டைக்காரா,

நம் கார் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. நாலு மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்றது. மாமா குந்தாவில் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு மெக்கானிக்கை வைத்து ஓடும்படி செய்து கொண்டுவந்து நிறுத்தினார். இடது முகப்பு நசுங்கியது நசுங்கியபடியே இருக்கிறது. அம்மா ஒரு தடவைதான் பார்த்தாள். தார்ப்பாயை எடுத்துப் போர்த்திவிட்டு டீ ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் காரை வாங்க வருகிறார். பழைய அம்பாசிடர்களைச் சேர்த்து வைக்கிறவராம். மாமா அவரிடம் போனில் பேசியது எனக்குக் கேட்டது. "வண்டில ஒரு குத்தமும் இல்லீங்க. பையன்தான் கொஞ்சம் வேகமாப் போயிட்டான். இஞ்சின் ஜம்முன்னு இருக்குதுங்க, நீங்களே ஓட்டிக்கிட்டுக் கீழ எறங்கிறலாம்."

வேகமாகப் போனான். நாலு மாதமாக ஊரே உன்னைப் பற்றி இதைத்தான் சொல்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில், பர்லியாருக்கு மேலே தடுப்புச் சுவரில் இடித்துக் கார் நின்றுவிட்டது. கதவு திறந்து நீ மட்டும் பள்ளத்துக்குள் போனாய். உனக்குப் பின்னால் வந்த லாரி டிரைவர் ஒன்று சொன்னார். "நாலு வளைவா அந்தக் காரோட பிரேக் லைட்டு எரிஞ்ச மேனிக்கே இருந்துச்சுங்க." போலீஸ்காரர் தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். அது என்னவென்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். வேகமாகப் போகிறவன் எதற்கு நாலு வளைவும் பிரேக்கை மிதிக்க வேண்டும்?

நீ போனதற்கு முந்தின நாள்தானே பின்சக்கரம் இரண்டுக்கும் பேரிங்கும் சீலும் மாற்றினோம்? மறுநாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண ஜோடி, வாடகைக்குப் பேசியிருந்த நம் காரில் உட்கார்ந்து போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள். வலது சக்கரத்தை நீ கழற்றிக்கொண்டிருந்தாய். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அம்மணி, எடது பக்கத்த நீயே போட்டுரு. இல்லீன்னா கல்யாணப் பொண்ணு பஸ்லதான் போகோணும்."

"நானா? தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா பொண்ணு எடத்துல உன்னைய உக்கார வெச்சிருவேன்."

நான் போட்டேன். சீல் என்பது வளையலைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம். அதன் உள்விளிம்பு உதடு மாதிரி இருக்கும். அந்த உதடு, பின் அச்சுக்குள்ளிருந்து எண்ணெய் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் கசிந்து, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூவில் ஏறிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பின்சக்கரம் பிடிக்காது; மலை இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் சூடேறிக் கைவிட்டுவிடும். மரக்கட்டையை வைத்துத் தட்டி இறக்கியது ஞாபகம் இருக்கிறது. உதடு எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

யாரிடம் கேட்பேன்? எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்பதற்காகவே பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அண்ணனை நான்தான் கொன்றேனா என்று எந்த வாயால் கேட்பது?

அதனால் புதன்கிழமை நானே கழற்றினேன். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தேன். பிரேக் ஷூ முழுக்கக் கறுப்பாக எண்ணெய். வேலை முடிந்து வந்த அம்மா தார்ப்பாய் விலகியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"விக்கிற காருக்கு என்ன கண்ணு வைத்தியம்?"

"சும்மாம்மா."

"சும்மா இருந்தா போய்த் துணிய எடு. மழை வருது."

அவள் உள்ளே போன பிறகு, சீல் உட்கார்ந்திருக்கும் ஹப்பை உருவினேன். அண்ணா, சீல் சரியாக இருந்தது. உதடு எண்ணெய் வரும் பக்கத்தைத்தான் பார்த்திருந்தது. மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். உன்னை இழந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தேன், அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் உன் பக்கத்தைக் கழற்றினேன். அங்கேயும் சீல் சரி. அங்கேயும் எண்ணெய். இரண்டு பக்கமும் புதுச் சீல், இரண்டும் ஒழுங்காகப் போட்டது. பிறகு எப்படி?

கழற்றியதைச் சும்மா விடக்கூடாது, புதுச் சீலும் ஷூவும் வாங்கிப் போட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஊட்டிக்குப் போனேன், நீ வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது.

"சந்திரன் தங்கச்சிதானே? எங்கம்மா உங்கண்ணன்? போன தடவ குடுத்த சீலையும் தின்னு தீத்துட்டானா?"

கழற்றிய பழைய சீலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஒரே வருசத்துல நாலாவது ஜோடி. கேட்டா டூப்ளிகேட்டுன்னு என்ற கடை மேல பழி போடுறான். ஆமா, பின் அச்சுக்கு ஆயிலை எங்க வெச்சு ஊத்துறீங்க?"

"ஊட்டு முன்னாடிங்க."

"தரை சமமா இருக்குதா?"

"இல்லீங்க, சரிவு. மூக்கு பள்ளத்தப் பாத்து நிக்கும்."

பில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "அடக் கடவுளே. வாலத் தூக்கிக்கிட்டு நிக்கிற வண்டில, அச்சுக்குப் பின்பக்கம் இருக்குற ஓட்ட வழியா வழியுற வரைக்கும் ஊத்துனா, அளவுக்கு மேல எவ்வளவு போயிருக்கும்? வளைவுல திரும்பறப்ப அத்தனையும் சக்கரத்துக்குத்தான் ஓடும். எந்தச் சீலும்மா தாங்கும்? சமதரைல நிறுத்தி ஊத்தச் சொல்லு அவன்கிட்ட."

"சொல்றேங்க" என்றேன்.

அதைத்தான் இப்போது சொல்கிறேன், அண்ணா.

காலைக் குளிரில் செல்ஃப் எடுக்காது என்றுதானே நம் சரிவில் எல்லோரும் மூக்கைப் பள்ளத்துக்கு வைத்து நிறுத்துகிறோம்? உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ய. அப்படியே நிறுத்தி, அப்படியே எல்லா வேலையும் பார்த்தோம். அந்தச் சாயங்காலம் காருக்கு அடியில் படுத்து ஊற்றியது நான். "வழியுற வரைக்கும் ஊத்து அம்மணி, கஞ்சத்தனம் பண்ணாத" என்று சொன்னது நீ. இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாது என்பதால் என் கை இல்லை என்று ஆகிவிடுமா?

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். எண்ணெய் ஊற்றியது நான் என்பதையும், கார் வாங்க வருகிறவரிடமும் இதைச் சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அந்த நாலு வளைவும் அவன் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் வந்தானா?"

"ஆமாம்மா."

பிறகு சொன்னாள். "பட்டுன்னு போயிட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சுத்தான் இத்தன நாளுந் தூங்குனேன்."

என்னை அடிக்கவில்லை. அணைக்கவும் இல்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் நான் பிடுங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இன்று காலை செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்கு அந்தாளு வர்றப்ப என்னையக் கூப்பிடு. நீ சொல்றப்ப நானும் நிக்கோணும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் கை கொடுக்க, பஸ் திரும்பும் இடம் வரை காரை உருட்டிக்கொண்டு போனோம். இந்தப் பக்கத்தில் சமதரை என்று அது ஒன்றுதான். பழைய எண்ணெயை வடித்தேன். புதுச் சீல், புது ஷூ போட்டு அங்கேயே வைத்து எண்ணெய் ஊற்றினேன். கடைசிச் சொட்டு வழிந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கொஞ்சம்தான் பிடிக்கிறது தெரியுமா, அண்ணா?

நாளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் காரை வேண்டாம் என்று சொல்லலாம். மாமா கத்துவார். கத்தட்டும். நீ வேகமாகப் போகவில்லை, நிறுத்தத்தான் பார்த்தாய். இனி யார் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசினாலும் இதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். எண்ணெய் ஊற்றியது யார் என்பதையும் விடாமல் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி