நம் இரண்டாவது கேசட் ஏன் வரவில்லை

பக்கத்து நாற்காலிக்காரர் கிராம்பை வாயில் போட்டுக் கடித்தார். அந்த வாசனை வந்ததும் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. மைக்கைப் பிடிக்கும் முன் நீ கடிப்பாயே, அதே காரமான வாசனை. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி, ஒரு காபிக் கடையின் மாடி. நம் பாப் குழுவின் கதையைச் சென்னைப் பெண் ஒருத்தி ஆவணப்படமாக எடுத்திருந்தாள்; அன்று அங்கே அதைத் திரையிட்டார்கள். நாம் நாலு பேர், ஒரே ஒரு கேசட். அந்த வருஷம் அது ஓடாத டவுன் பஸ் உண்டா?

படம் எடுத்தபோது அவள் என்னையும் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"மேடம், நீங்க பேசலைன்னா படம் பாதிதான்."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

எல்லாம் ஞாபகம் இருந்தது. இரண்டாவது கேசட்டுக்கு ஸ்டுடியோ பேசி முடித்து, ஒலிப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. அப்பா படுத்த படுக்கை. வேறு யோசிக்க வழியில்லை. உன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"உன்னாலதான்டி எல்லாம் போச்சு. இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றாய்.

குழு அன்றோடு முடிந்தது. ஆபீஸில் சேர்ந்த புதிதில், "குரூப்ப விட்டுட்டு வந்தவங்க நீங்கதானா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். இருபத்தைந்து வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன். போன ஆடியில் நீ இறந்த செய்தி வந்தபோது, மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லாமல் போயிற்றே என்றுதான் அழுதேன்.

திரையில் நீ வந்தாய். மெலிந்திருந்தாய், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. குரல் கரகரத்தது. குழு ஏன் பிரிந்தது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவ வேலைக்குப் போனதாலன்னு ஊரே சொல்லுது. நானும் அதத்தான் சொன்னேன். பொய்மா" என்றாய். "எனக்கு அப்பவே தொண்டையில கட்டி. சுருதி மேல போனா வெறும் காத்துதான் வரும். ரெக்கார்டிங்ல மாட்டிக்குவோம்னு தெனம் பயம். அவளுக்கு ஆர்டர் வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. பழிய அவ மேல போட்டுட்டுத் தப்பிச்சுட்டேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எங்க? ஒருதரம் வேங்கிக்கால் பஸ்ல பாத்தேன். சொல்லிடலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள எறங்கிட்டா."

அந்த நாளும் எனக்கு மறக்கவில்லை. நீ எழுந்ததைப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் திட்டத்தான் வருகிறாய் என்று பயந்து, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். இதை நேரில் சொல்ல உனக்கு எத்தனை வருஷம் இருந்தது! ஆனால் மாடிப்படி இறங்கும்போது, வெகுநாள் இடுப்பில் சுமந்த குடத்தை இறக்கி வைத்ததுபோல உடம்பு லேசாக இருந்தது. குழுவை உடைத்தது நான் இல்லை. நீயும் என்னை வெறுக்கவில்லை. ரோடு என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன பாட்டு? கேட்டதே இல்லையே."

"எங்க கேசட்டுல மொதப் பாட்டுங்க."

"அது இப்படி இருக்காதே?"

ஊருக்குத் தெரிந்தது நீ பாடிய மேல் குரல். அதற்கு அடியில் ஓடிய கீழ்க்குரல் என்னுடையது. தனியாகக் கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒரு வரி விடாமல் அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு, தெரிந்த மட்டும் உன் பாகத்தைச் சேர்த்துப் பாடினார். சுருதி எங்கெங்கோ போயிற்று. நான் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் பாடினேன்.