பன்னிரண்டு சிவப்பு மணிகள்

8-7-96, திங்கள்
சாரல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, துடியலூரிலிருந்து டவுனுக்கு பஸ். கைவினைச் சாமான் கடையில் வாங்கியது: கறுப்பு வெல்வெட் அரை மீட்டர், காய்ந்த பூங்கொத்து, சிவப்புக் கண்ணாடி மணி ஒரு பாக்கெட் (12, சுண்டைக்காய் அளவு). காலேஜ் நாள் காமிராவில் புது ரோல், 36. பாப்பா பிறந்து பத்து மாதத்தில் முதல் தடவை.
இவர்: "ஏனம்மணி, பூவையும் பாசிமணியையும் எடுக்கறதுக்கா ரோலு? புள்ளைய எடுத்தாலாவது ஊருக்கு அனுப்பலாம்."
புள்ளையைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே. எழுதலாம். சொல்ல முடியாது.

9, செவ்வாய்
மாலை 4. ஜன்னலில் பட்டர் பேப்பர், எதிரே தெர்மாகோல். வெளிச்சம் பால் மாதிரி. வெல்வெட் மேல் ஊறுகாய் ஜாடி, பூ, மணிகள். ஒன்றை இங்கே வைத்து, அங்கே வைத்து, மறுபடி மாற்றி... ஒன்பது படம். அதுவரை வேறெதுவும் ஞாபகமில்லை. பாப்பாகூட.
எடுத்து வைக்கும்போது மணிகளை எண்ணினால் பதினொன்று.
பாப்பா மேஜைக் காலைப் பிடித்து நிற்கிறாள். வெல்வெட் நுனி கையில். வாயில் விரல் விட்டேன், கடித்தாள். கட்டிலடி, மிக்ஸி பின்னால், தலையணை உறை, ஜாடிக்குள். இல்லை.
இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் காமிரா பரணுக்குப் போகும்.

10, புதன்
தூக்கமில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தேன். காலையில் டாக்டர்: "வயிறு மெத்துனு இருக்குதுங், பாலும் குடிக்கறா. முழுங்கியிருந்தா ரெண்டு மூணு நாள்ல தானா வந்துருமுங். துணியப் பாத்துட்டே இருங்க அம்மணி. வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வந்துருங்க."
துணி பார்த்தேன். நான்கு முறை. கேரட் மட்டும்.
திடீரென்று தோன்றியது: பாக்கெட்டிலேயே பதினொன்றுதான் இருந்ததோ? முதல் படத்தில் தெரியுமே! ஆனால் ரோல் முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம்; இன்னும் 27. கண்டதையெல்லாம் எடுத்தேன். வாழைப்பழம், கேஸ் சிலிண்டர், குடை. மிச்சமெல்லாம் பாப்பா. ஸ்டூடியோவில் கொடுத்தாயிற்று.
"அவசரமுங்களா? கல்யாணப் போட்டோவுங்களா?"
"ஆமாங்க."

11, வியாழன்
துணி: ஒன்றுமில்லை. மாலை பிரிண்ட் வந்தது. ஸ்டூடியோ வாசலிலேயே முதல் படத்தை நகத்தால் எண்ணினேன். பதினொன்று! மூன்று தடவை எண்ணினேன். பதினொன்றேதான். பஸ்ஸில் அழுதுவிட்டேன்.
இரவு இவரிடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பு. அப்புறம் கோபம், கடைக்காரர் மேல். "நமக்கே காது குத்திப்போட்டானா! போட்டாவக் கொண்டா, நாளைக்குப் போயிக் கேக்கறேன்."
வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

12, வெள்ளி
இவர் படத்தோடு கிளம்பிப் பத்து நிமிடம்.
துணியில். சிவப்பு.
சோப்புப் போட்டுக் கழுவினேன். கீறல்கூட இல்லை. பாப்பா கையை நீட்டுகிறாள்.
இப்போதுதான் ஞாபகம். ஜாடிக்குப் பின்னால் ஒன்று. நிழலில் மினுங்கட்டும் என்று நானே வைத்தது. படத்தில் விழவே இல்லை.
கடைக்கு போன் பண்ண நம்பர் இல்லை.
மாலை இவர் வந்தார், செருப்புக்கூடக் கழற்றாமல். "போட்டாவ வாங்கிக் கடைக்காரரே எண்ணிப் பாத்தாரு அம்மணி! மன்னிச்சுக்கோங்கன்னு எடுத்துக் குடுத்துட்டாரு. இந்தா."
உள்ளங்கையில் ஒரு மணி.
"நல்லாத்தான் எடுத்திருக்கற," என்றார். காமிராவைப் பற்றி முதல் நல்ல வார்த்தை.
வாங்கிக்கொண்டேன். பதின்மூன்று.