மகளின் மூச்சுக் குழாய்

இன்று காலை மகளின் மூச்சுக் குழாயைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டும் நாடாவை மாற்றுவதற்காக பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டேன். ஒன்றுதான் கிடந்தது. நீ ஒரே அளவாக வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்துவிட்டுப் போன நாடாக்களில் கடைசி. அதைக் கட்டி முடித்த பிறகும் வெறும் டின்னை மூட மனம் வரவில்லை. உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

குறைமாதத்தில் பிறந்தவள் நம் மகள். கனநாள் மெசினில் மூச்சு விட்டதில் தொண்டைக்குக் கீழே மூச்சு போகும் வழி சுருங்கிவிட்டது. கழுத்தில் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். ஒரு வருசத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. குழாயில் சேரும் சளியை இழுப்பது, துளையைச் சுற்றித் துடைப்பது, மாதம் ஒருமுறை குழாயை மாற்றுவது எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி வாட்டில் தாதிமாரிடம் நீதான் பழகினாய். நான் கதவடியில் நின்றேன். மேசன் வேலை செய்து சீமெந்தில் காய்த்த விரல்களால் அந்தச் சின்னக் கழுத்தை எப்படித் தொடுவது என்று எல்லாரிடமும் சொல்வேன். அது சாட்டு. எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பூசைக்குப் போயிருந்த நேரம் குழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே சளி காய்ந்து கட்டியாகிவிட்டது. சளி இழுக்கிற மெசினைப் போட்டேன். அதன் மெல்லிய குழாய் உள்ளே இறங்கவில்லை. பிள்ளையின் உதடு நீலமாகியது. சத்தமே இல்லை, அழவும் மூச்சு வேண்டுமே. அவளைத் தூக்கிக்கொண்டு தன்னாமுனை றோட்டால் கோயிலை நோக்கி ஓடினேன். நல்ல காலம், பூசை முடிந்து நீ எதிரே வந்துகொண்டிருந்தாய். றோட்டோரத்தில் அவளைக் கிடத்தி, அடைத்த குழாயை உருவி எறிந்துவிட்டு, எப்போதும் உன் பையில் இருக்கும் மற்றக் குழாயைத் துளைக்குள் விட்டாய். அவள் இருமினாள். உதட்டில் நிறம் வந்தது.

நீ என்னை ஏசவில்லை. "நான் இல்லாத நேரமும் புள்ள மூச்சு விடணும். பழகுங்க" என்றாய்.

பழகினேன். ஆனால் என் கைக்கு மேல் உன் கை இருக்க வேண்டும். "இந்த முறை நீங்க தனியச் செய்யுங்க" என்பாய். "வாற மாசம் செய்வம்" என்பேன். அப்படியே இரண்டு வருசம் போய்விட்டது.

போன மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"அங்க வாட்டில மறிச்சுப் போட்டா புள்ளைய ஆரு பாக்கிற?"

"நான் பாப்பன்."

"குழாய் மாத்துற நாளும் வருது. தனிய மாத்துவீங்களா?"

நான் உன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் உன்னால் எழும்பவே முடியவில்லை. அன்றுதான் நான் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மகளைக் கிடத்தி, தோளுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தேன். பழைய குழாயை எடுத்து, புதியதை அதன் வளைவுக்கே விட்டேன். பாயில் கிடந்தபடி நீ கண் இமைக்காமல் பார்த்தாய். மகள் ஒருமுறை இருமிவிட்டுச் சிரித்தாள்.

"ஓம், சரி. இனிப் போவம்" என்றாய்.

ஆட்டோவில் மகள் என் மடியிலும் நீ என் தோளிலும் சாய்ந்து வந்தீர்கள். டெங்கு என்றார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். நீ திரும்பி வரவில்லை.

இப்போது நான் தூர இடத்து வேலைகளை எடுப்பதில்லை. போன கிழமை குழாயை மாற்றும்போது ரத்தம் வந்தது. புதியது உள்ளே போகவில்லை. அப்படி நடந்தால் ஒரு அளவு சின்னதை விட வேண்டும் என்று நீ சொல்லித் தந்திருந்தாய். விட்டேன், போயிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழாய் உரசி உரசி உள்ளே சதை வளர்ந்திருக்கிறதாம். ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுத்து வெட்ட வேண்டுமாம். வெட்டினாலும் மறுபடி வளரலாமாம். குழாயை எப்போது கழற்றலாம் என்று கேட்டேன்.

"இப்ப சொல்லேலாது" என்றார் டொக்டர். பிறகு, "நல்ல வேளை, சின்னதப் போட்டீங்க. ஆரு பழக்கினது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன், மகள் பேசுவதற்காகக் குழாயின் வாயை விரலால் பொத்திக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில் "அம்மா" என்றாள்.

"கெட்டிக்காரத் தகப்பன்" என்று டொக்டர் என் தோளில் தட்டினார். நீ காய்ச்சலோடு எனக்காகக் காத்துக் கிடந்த அந்த மூன்று நாளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மகளுக்கும் தெரியாது. அவள் வளர்ந்து கேட்கும் நாளில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதுவரை அதை நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன்.