மார்ச்சில் வெட்டிய புல்

கோரிப்பாளையம்,
மதுரை.

அன்பு மகன் ஆசிப்புக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஃபாயிஸாவும் குட்டி ருமானாவும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் கடைக்கு ஆட்டோவில் போங்கள் என்றால் கேட்பதில்லை, அந்த நெரிசலில் நடந்தே போய்விட்டு சாயந்தரம் காலை நீட்டிக்கொண்டு என்னிடம் தைலம் கேட்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

போன வெள்ளிக்கிழமை நீ போனில் வருகிற ஜனவரிக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லி, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் ஒன்றும் இல்லை. மறுநாள் ஃபாயிஸா அத்தாவைக் கூப்பிட்டு, மாமிக்கு எங்கள் மேல் ஏதும் மனவருத்தமா என்று கேட்டாளாம். உங்கள் மேல் எனக்கு என்ன வருத்தம். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி என் பொறுப்பில் இருக்கும் வனத்துறை நிலம் உனக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, கொழுக்கட்டைப் புல் விதைத்து, ஆடு மாடு விடாதீர்கள் என்று ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டி, கௌதாரி திரும்பி வந்த இடம் அது. வெயில் காலத்துக்கு முன்னால் அங்கே ரோட்டோரமாக அகலமாய்ப் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும், போகிறவன் வீசும் ஒரு பீடித்துண்டு போதும், மொத்தமும் போய்விடும். அந்த வேலை ஜனவரியில் முடிந்தாக வேண்டும், மார்ச் வந்தால் கௌதாரி புல்லுக்குள் தரையிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். இது எனக்குத் தெரியாததில்லை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பதுதான். இந்த வருஷம் ஜனவரியில் நீங்கள் வந்தீர்கள், நான் லீவு போட்டேன். நீங்கள் விமானம் ஏறிய பிறகு போய்க் கேட்டால், டிராக்டரில் மாட்டும் புல் வெட்டும் மெஷின் வேறு ரேஞ்சுக்குப் போய்விட்டது, திரும்பி வர மார்ச் ஆகிவிட்டது. அதே வாரம் பக்கத்துப் பட்டா நிலத்தில் தீப்பிடித்து, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆட்களை முதலில் புல்லுக்குள் நடக்கவிட்டுக் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளை நான் கொடுக்கவில்லை. டிராக்டர் ஓட்டிய சிவக்குமார் பாதியில் நிறுத்தி, “மேடம், முன்னாடி கவுதாரி ஒண்ணு எந்திரிச்சு ஓடுது. போகவா, நிப்பாட்டவா?” என்று கேட்டார். நான் “போங்க” என்றேன்.

பின்னாலேயே நடந்தேன். வெட்டி விழுந்த புல்லை விலக்கினால் உடைந்த முட்டை ஓடும் மஞ்சள் கருவுமாகக் கிடந்தது, ஒரு முட்டையில் குஞ்சு உருவாகிக் கால் நகம்கூடத் தெரிந்தது. தாய் கொஞ்சம் தள்ளி நின்றது, விரட்டினாலும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நிறுத்தச் சொன்னேன். மீதியைக் கூலி வேலைக்கு வரும் சோலையம்மாளும் கூட வந்த பெண்களும் அரிவாளால் அறுத்தார்கள், கூடு இருந்த இடத்தைச் சுற்றித் திட்டுத்திட்டாகப் புல்லை விட்டோம், கோடு கோணலாக வந்தது. ரேஞ்சர் வந்து ஏன் இப்படிக் கோணல் என்றார். நடந்ததைச் சொன்னேன், நான் லீவில் இருந்ததால்தான் வேலை பிந்தியது என்பதையும் சொன்னேன். அவர், “விடுங்கம்மா, இதையெல்லாம் யாரு வந்து கேக்கப் போறா” என்று சொல்லி டீ வரவழைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கோடையில் தீ வரவில்லை. விட்டுவைத்த திட்டுகளிலிருந்து குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் ஓடியதையும் கண்ணால் பார்த்தேன். நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். டிராக்டர் போன பக்கத்தில் மட்டும் காலையில் கௌதாரி கூப்பிடும் சத்தம் இன்றுவரை இல்லை.

நீ வந்ததால்தான் இப்படி ஆனது என்று ஒருநாளும் நினைத்துவிடாதே மகனே. லீவு போடச் சொல்லி நீ கேட்கவே இல்லை. ருமானா என் மடியில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் பிய்த்து எனக்கு ஊட்டினாளே, அந்த நாட்களில் புல்லையும் தீயையும் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்தது சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

அங்கே பள்ளிக்கூடம் கோடை லீவு விடுவது ஜனவரியில்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் டிக்கெட் போடு. ஆனால் இந்தத் தடவை அம்மா லீவு போட மாட்டேன். ஏர்போர்ட்டுக்கு அத்தாதான் வருவார். விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவேன், ருமானா தேடுவாள், நீதான் சமாளிக்க வேண்டும். இம்புட்டுத் தூரம் வந்தும் அம்மா வீட்டில் இல்லையே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ என் பிள்ளை, ராத்திரி வந்து உன் தலையைத் தடவி சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பறவையிடம் போய் நான் என்ன சொல்வது.

அங்கே இப்போது குளிர் என்றாயே, பிள்ளைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. ஃபாயிஸாவிடம் இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு, அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். அத்தாவின் முழங்கால் விஷயத்தை மறக்காமல் பேசு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் மன நிறைவையும் தரட்டும்.

துஆவுடன்,
உன் அம்மா
சாதிகா