கதவைத் தட்டியது அண்ணனா, தம்பியா?

திருச்சி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் அனிஷாவுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜோஸ்வினும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் பேசினால் உன் அம்மா என் தோளுக்கு மேலே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இது அவள் மேல் புகார், அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி உன் சித்தப்பா அருள்நாதனுக்கும் ரோசரி சித்திக்கும் கல்யாண வெள்ளிவிழா, என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பெண் பார்த்ததை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எனக்குக் கடைசியில் சொன்னதற்காக எட்டு மாதம் அவனோடு நான் பேசவில்லை, தப்பு அவன்மேல்தான், இன்றைக்கும் சொல்வேன். பிறகு ரேடியோவில் கேட்ட ஒரு கதையால் நானே போய்ப் பேசியது உனக்குத் தெரியும். அந்தக் கதையை விழாவில் சொல்லலாம் என்றால் பாதிதான் ஞாபகம் வந்தது.

நாம் கைலாசபுரத்தில் இருந்தபோது ஞாயிறு மத்தியானம் பத்தாம் இடத்திலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டு, பாட்டுக்குப் பாட்டு ஒரு கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்களே, அதில் வந்தது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு பேசாத அண்ணன் தம்பி. இரண்டாம் இடத்துப் பாட்டுக்கு முன்னால், கொட்டும் மழையில் ஒருவன் போய் மற்றவன் கதவைத் தட்டினான். யார் என்று சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டாம் ஷிப்ட், கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை கேட்டதற்கு உன் அம்மா இட்லியை வைத்துக்கொண்டே, 'அண்ணன்தாங்க தட்டினாரு, பெரியவருன்னா பெரியவருதான்' என்றாள். மூன்று நாள் யோசித்தேன். வியாழக்கிழமை தென்னூருக்குப் போய் உன் சித்தப்பா கதவைத் தட்டினேன். 'வாண்ணே, சாப்பிட்டியா' என்றான், அவ்வளவுதான். கல்யாணத்தில் எங்கள் அப்பா இடத்தில் நான் நின்றேன்.

அந்த நிகழ்ச்சிக்குக் கார்டு போட்டவர்கள் பெயரை வாசிக்கும்போது வாராவாரம் முதலில் வருவது தொட்டியம் முருகானந்தம். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று வெயிலில் பஸ் ஏறித் தொட்டியம் போனேன். அங்கே வாழைமண்டியில் ஒருவர், 'அவரு பத்து வருசமா ஸ்ரீரங்கத்துல மகன் வீட்டுலல்ல இருக்காரு' என்றார். நம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். உன் அம்மா இதற்கு இரண்டு நாள் சிரித்தாள். முருகானந்தம் தங்கமான மனிதர், எல்லா வாரமும் கேசட்டில் பிடித்துத் தேதி எழுதி வைத்திருக்கிறார். டேப் ரிக்கார்டர்தான் ஓடவில்லை, கடைக்காரன் தூக்கிப் போடச் சொன்னானாம். நான் பிரித்துப் பார்த்தேன், பெல்ட் தொய்ந்திருந்தது, ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி ஓடவைத்தேன். இதெல்லாம் யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது?

ஓடியது. தட்டியது தம்பி. மழையில் நனைந்துகொண்டு வந்து அண்ணன் காலில் விழுகிறான். நியாயமான முடிவு. உன் அம்மா இருபத்தைந்து வருடமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவன்போல, அந்தக் கதையில் தட்டியது யார் என்று கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை, 'அண்ணன்தான், எத்தனை தடவைங்க சொல்றது' என்கிறாள்.

உன்மேலும் எனக்குச் சந்தேகம். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் நீ. மறுநாள் அவள் சொன்னபோது தட்டில் தலையைக் குனிந்து சிரித்தாய், பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்தேன். தெரிந்துதானே சிரித்தாய்? உண்மையை எழுது.

உண்மை முடிவைக் கேட்டிருந்தால் நானும் தம்பி வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவனும் என் ரத்தம்தானே, வந்திருக்க மாட்டான். அதனால் யோசித்துப் பார்த்ததில், ரேடியோக்காரர்தான் கதையைத் தப்பாக முடித்திருக்கிறார். விழாவில் நான் சரியாகச் சொல்லப்போகிறேன், தட்டியது அண்ணன். முருகானந்தத்தையும் விருந்துக்கு அழைத்திருக்கிறேன், கேசட்டைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி.

ஜோஸ்வினுக்குத் தலைக்கு எண்ணெய் வை. பத்தாம் தேதி சித்தப்பாவுக்குப் போன் பண்ண மறக்காதே. இந்தக் கடிதத்தைப் பற்றி உன் அம்மாவிடம் மூச்சு விடாதே, அவள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வாள். தேவமாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

முதலில் போய்க் கதவைத் தட்டிய
உன் அப்பா,
ஸ்டீபன்ராஜ்